வெயிலுக்கு நிற்காத மஞ்சள்

சித்தியின் காரியத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் நாலைந்து பேரும் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கிய அந்தப் பெரிய போர்வைக்கு முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "ஏன்டி, உலகத்துல இருக்க அம்புட்டு நிறத்தையும் சேத்துத் தச்ச மனுஷி, மஞ்சள மட்டும் ஏன் வைக்கவே இல்ல?" நான் காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே நழுவிவிட்டேன். திரும்பி வருவதற்குள் பேச்சு சர்க்கரை நோய்க்குப் போய்விட்டது. நம் வயதில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதானே போய் நிற்கிறது. நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அது காபி ஆறுவதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை.

இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கேட்டு நொந்துபோகக் கூடியவர்கள் யாரும் இனி இல்லை, என்னைத் தவிர.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி பெண்டாட்டி. உங்களுக்கெல்லாம் அவளைப் போர்வைக்காரியாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வரும்போது, வாயில் ஊசி நூலைக் கடித்துக்கொண்டு "வாங்கடி கழுதைகளா" என்று கூப்பிடுவாளே, அவள்தான். செல்லூரில் எல்லார் வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும், எங்கள் வீட்டில் மட்டும் கொதிக்கிற சத்தம். முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் சாயப்பட்டறை. அப்பாவும் சித்தப்பாவும் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பார்கள். வாசல் சாக்கடை ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் பச்சையாக ஓடும். அப்பாவுக்கு முழங்கை வரை எப்போதும் ஒரு கருநீலம். அந்தக் கையால் அவர் ரசஞ்சோறு பிசைவதைப் பார்த்து, வந்த விருந்தாளி ஒருவர் எனக்குப் பசியில்லை என்று எழுந்துவிட்டார்.

எங்கள் உள்ளங்காலும் அப்படித்தான். டீச்சர் என் காலைப் பார்த்து "போய்க் கழுவிட்டு வா" என்று குழாயடிக்கு விரட்டியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். சிரித்தீர்களே, மறந்துவிடவில்லை நான். கழுவினால் போகிற நிறமா அது? எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உடம்பில் ஏறின நிறம் நாலு குளியலில் தானாக இறங்கும், கவலைப்படாதே என்பார் அப்பா. அது எங்கள் வீட்டு வேதவாக்கு. நடந்தது புரிய வேண்டுமென்றால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் நூலை இறக்குவதற்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைத் துணியை முக்கி எடுத்து, நிறம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பதத்துண்டு என்று அதற்குப் பெயர். பார்த்ததும் அது ஒரு மூலையில் விழும். அரக்குக்குப் போய்ச் சேராத சிவப்பு, பச்சை என்று ஆரம்பித்துப் பாதியில் மனம் மாறிவிட்ட நீலம், இப்படிப் பட்டறை மூலையில் தப்பிப்போன நிறங்களாகவே குவிந்து கிடக்கும். தொட்டி துடைக்க ஆகும் என்றுதான் அதற்கு மரியாதை. சித்தி கல்யாணமாகி வந்த மறுவாரமே அந்தக் குவியலை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாளாம். அம்மா சொல்வாள், "புதுப்பொண்ணு நகையப் பாக்கும், பாத்திரத்தப் பாக்கும். இவ வந்ததும் கந்தலப் பாத்தா."

அவள் வேலை செய்கிற விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. துண்டுகளைத் தண்ணீரில் நனைத்துக் கிணற்றடிச் சுவரில் ஒட்டுவாள். ஈரத்துணி சுவரில் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு எட்ட வந்து நின்று பார்ப்பாள். கிட்டப் போய் ஒன்றை உரித்து வேறு இடத்தில் வைப்பாள். மறுபடி எட்ட வருவாள். வெயில் ஏற ஏறத் துண்டுகள் காய்ந்து, ஒவ்வொன்றாக உதிரும். மறுநாள் திரும்ப நனைத்து, திரும்ப ஒட்டுவாள். ஒரு போர்வைக்கு இந்த உரிப்பும் ஒட்டும் வாரக்கணக்கில் நடக்கும். "ஏன் சித்தி ஈரமா ஒட்டுற?" என்று கேட்டதற்கு, "காஞ்ச துணி பொய் சொல்லும்டி. நனைஞ்சாத்தான் அது என்ன நிறம்னு ஒத்துக்கிடும்" என்றாள்.

எதிர்வீட்டு சௌராஷ்டிர அக்கா சுங்குடிச் சேலைக்குப் புள்ளி முடிச்சுப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் பார்ப்பாள். "உங்க சின்னம்மா செவுத்துக்குச் சட்டை தைக்கிறாங்களா?" என்று என்னைச் சீண்டுவாள். ஆனால் தன் முதல் பிள்ளைக்கு ஒரு போர்வை வேண்டும் என்று முதலில் வந்து நின்றதும் அவள்தான். நிறம் பொருந்திவிட்டதென்றால் சித்தி உள்ளே கிழிந்த வேட்டிகளை அடுக்கி, மேலே துண்டுகளை வைத்து, ஓட்டுத்தையல் போட உட்கார்ந்துவிடுவாள். அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டால் லேசாகச் சாய வாடையும் கஞ்சி வாடையும் வரும். இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராத நாளில் அந்த வாடை இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. எங்கே போய்த் தேட?

போர்வை தைத்தாள், பிள்ளைதான் தங்கவில்லை. முதலாவது வயிற்றிலேயே கலைந்துவிட்டது. இரண்டாவதை அவள் பிறந்த வீட்டில், சோழவந்தான் பக்கம் பெற்றாள். பிறந்து சில நாளில் போய்விட்டதென்று தகவல் வந்தது. அங்கே தோஷம் என்றார்கள், காற்று கருப்பு என்றார்கள். இங்கிருந்து அம்மா போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை எப்படியிருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்தி திரும்பி வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சுவரில் ஒட்டுவதற்குப் போய்விட்டாள். அதற்கும் தெரு பேசியது. "பெத்தவ அழுவாம கந்தலோட விளையாடுறா, நெஞ்சு கல்லு" என்றார்கள். தெருவுக்கென்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது.

மூன்றாவது முறை உண்டானபோது, இந்தத் தடவை பிரசவம் இங்கேதான் என்று அப்பா சொல்லிவிட்டார். "எங்கண்ணு முன்னால நடக்கட்டும்" என்றார். அவர் நல்லவர். அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. தம்பி பெண்டாட்டியை மகள் மாதிரி பார்த்துக்கொண்டார், அவளும் அவரை மாமா மாமா என்பாள். பட்டறை வேலை முடிந்து வரும்போது அவளுக்கென்று தனியாக மாதுளம்பழம் வாங்கி வருவார், நாங்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம்.

பிள்ளைக்கு ஒரு சின்னப் போர்வை தைக்க வேண்டும் என்று சித்திக்கு ஆசை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, பழசுதான் போட வேண்டும் என்பது வழக்கம் இல்லையா, அதற்கு அவளுடைய பதத்துண்டும் பழைய வேட்டியும் தோதாக இருந்தன. ஆனால் சுவரில் ஒட்டி ஒட்டிப் பார்த்தும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. "நடுவுல வெளிச்சம் இல்லடி" என்றாள். அந்த வருஷம் பட்டறையில் சிவப்பும் கருப்பும் நீலமும்தான் ஓடின. மஞ்சள் கேட்டு யாரும் நூல் அனுப்பவில்லை. "அப்பாகிட்டக் கேளேன், ஒரு துண்டு முக்கித் தரமாட்டாரா?" என்றேன். சித்தி சிரித்தாள். ஒரு துண்டுக்காக ஒரு தொட்டி கலக்க முடியுமா? தவிர, வயிற்றுப்பிள்ளைக்காரி தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தால் சாயம் பிடிக்காது என்று அப்பா உறுதியாக நம்பினார். ஏழாம் மாதத்திலிருந்து பட்டறைக் கதவையே சித்திக்கு நேராகச் சாத்தி வைத்திருந்தார்கள்.

பொங்கல் வந்தது. சித்தப்பா அவனியாபுரத்துக்கு ஜல்லிக்கட்டு மாடு பார்க்கப் போய்விட்டார். பொங்கல் பானையில் கட்டுகிற மஞ்சள் கொத்து இருக்கிறதே, பொங்கல் முடிந்ததும் அதை யாரும் கண்டுகொள்வதில்லை, கூரையில் சொருகுவார்கள், இல்லை தூக்கிப் போடுவார்கள். சித்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி, வீடு வீடாகப் போய் அந்தக் கிழங்குகளைக் கேட்டு வாங்கினாள். "பானைல கட்டுன மஞ்சள். நல்லது பொங்குன வீட்டு மஞ்சள். எம்புள்ளைக்கு இதவிட என்ன வேணும்?" என்றாள். பிள்ளை நிறைந்த வீடுகளாகப் பார்த்துத்தான் கேட்டாள் என்று பிறகு புரிந்தது. யாரும் இல்லை என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா இலையோடு பிடுங்கித் தந்தாள்.

சமையல்கட்டிலேயே காரியம் நடந்தது. கடுக்காயை நசுக்கி ஊறவைத்த தண்ணீரில் துணியை நனைத்தாள். சாயம் பிடிக்கப் படிகாரம் போட்டாள். பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்துக் கொதிக்கவிட்டாள். வீடெல்லாம் ஈர மண்ணும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை. துணியைக் குச்சியால் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். ஆத்தாடி, அந்த மஞ்சளை நான் எப்படிச் சொல்வேன்! பட்டறையில் வருகிற மஞ்சள் மாதிரிக் கண்ணைக் குத்தவில்லை. சித்தியின் முகமே அதில் வேறாகத் தெரிந்தது. அவள் வாழ்க்கையில் முழுக்க முழுக்கத் தானே உண்டாக்கின ஒரே நிறம் அது. மற்றதெல்லாம் அப்பாவின் தொட்டியிலிருந்து வந்தவை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க மாமா பாத்தா என்ன சொல்லுவாரோ" என்றாள். "பாத்தா அசந்துபோவாரு அக்கா" என்றாள் சித்தி.

மாசி மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. வீட்டிலேயே மருத்துவச்சி வந்து பார்த்தாள். பிள்ளை நல்ல சத்தமாக அழுதது, சித்தப்பா பட்டறையில் இருந்த எல்லாருக்கும் பால் பன் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சின்னப் போர்வையில், நடுவில் மஞ்சள் உள்ள இடத்தில், அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து அந்த அறை வாசலிலேயே கிடந்தேன்.

மறுநாள் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது சொன்னாள், "என்னடி, பிள்ள மஞ்சளா இருக்கு." முகம், கழுத்து, நெஞ்சு. அதற்கு அடுத்த நாள் வயிறும் காலும். போர்வை மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியிலும் மஞ்சள் கறை. அம்மா பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா பட்டறையிலிருந்து வந்தார். கைகளைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துப் பிள்ளையின் முதுகில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார், நூலில் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பாரே அதே மாதிரி. துண்டில் லேசாக மஞ்சள் வந்தது. பிறகு போர்வையின் ஓரத்தை வெந்நீரில் முக்கினார். தண்ணீர் மஞ்சளாயிற்று.

"சாயம்தான்" என்றார். அவர் முகத்தில் நிம்மதி. "நான்கூடப் பயந்துட்டேன். யாரு போட்டது இந்தச் சாயம்?"

சித்தி பாயில் படுத்தபடியே, "நாந்தான் மாமா" என்றாள்.

"பட்டறைச் சாயம்னா இப்படி இறங்குமா? அடுப்பங்கரைச் சாயத்தப் போட்டுப் பச்சப்புள்ளையப் படுக்க வச்சிருக்கியேம்மா. சாயத்தோட விளையாடக் கூடாதும்மா" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் பேசியிருப்பாளோ என்னவோ.

அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "கண்ணு முழியும்ல மஞ்சளா இருக்கு" என்றாள். "முகத்தத் துடைக்கும்போது உள்ள இறங்கியிருக்கும்" என்றார் அப்பா. "எதுக்கும் பெரியாஸ்பத்திரியில ஒரு நடை காட்டிட்டு வந்துருவோமே." "பச்ச உடம்புக்காரியையும் புள்ளையையும் தூக்கிக்கிட்டுச் சாயம் ஒட்டிருச்சுன்னு போய் நிக்கவா? சிரிப்பாங்க. எனக்குத் தெரியாத சாயமா?" சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார். "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மதினி" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. வீட்டுக்கு மூத்தவர், தொழிலில் மதுரையிலேயே பேர் வாங்கினவர், நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது யார் எதிர்த்துப் பேசுவது? எனக்கும் அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது. என் காலிலேயே நிறம் இருந்ததே.

அப்பா ஒரு வழியும் சொன்னார். "மஞ்சக்கிழங்குச் சாயம் வெயிலுக்கு நிக்காது. காலை வெயில்ல காட்டுங்க, வெளுத்துரும்."

அது உண்மை. மஞ்சள் தோய்த்த துணியை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும் என்பது சாயக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். அப்பா தானே பிள்ளையை வாங்கிக் கிணற்றடியில், சித்தி துண்டு ஒட்டுகிற சுவருக்குப் பக்கத்தில், மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் வெயில் படாமல் தன் நீலக் கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் அடுப்பு எரிந்து வீணாகப் போனாலும் எழுந்திருக்கவில்லை. தீட்டு வீடு என்று சித்தியை வெளியே விடவில்லை. அவள் உள்ளே இருந்து, "வெளுக்குதா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளுத்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன். இரண்டு மூன்று நாள் காலை வெயில் பட்டதும் பிள்ளையின் நெஞ்சும் வயிறும் வெளுத்துவிட்டன. இடுப்புத் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. "பாத்தியா, வெயில் பட்ட எடத்துல போயிருச்சு. நான் சொல்லல?" என்று அப்பா அம்மாவிடம் காட்டினார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஓடிப்போய்ச் சித்தியிடம், "வெளுத்துருச்சு, வெளுத்துருச்சு" என்று குதித்தேன். சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்தேன்.

பிள்ளை நன்றாகத் தூங்கியது. ரொம்ப நன்றாகத் தூங்கியது. பாலுக்கு எழுப்பினால்கூட வாயைத் திறக்காமல் தூங்கியது. "வெயில் பட்ட அசதி" என்றாள் மருத்துவச்சி. அப்புறம் அழுகை மாறிவிட்டது. முதல் நாள் கேட்ட அழுகை இல்லை, பூனைக்குட்டி எங்கேயோ மாட்டிக்கொண்ட மாதிரி மெலிசாக, கிறீச்சென்று ஒரு சத்தம். ஒரு மத்தியானம் நான் எட்டிப் பார்க்கும்போது அவன் முதுகு வில்லாக வளைந்து தலை பின்னால் போயிருந்தது. அம்மா கத்தினாள். சித்தப்பா ரிக்‌ஷா கூப்பிட ஓடினார். ரிக்‌ஷா வாசலுக்கு வந்தபோது, வேண்டாம் என்று அம்மாதான் கையைக் காட்டினாள்.

அந்த மத்தியானத்தை விவரிக்க எனக்குத் திராணி இல்லை. ஆண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் அப்பா அந்தச் சின்னப் போர்வையைச் சாய அடுப்பில் போடச் சொன்னார். சித்தப்பா கொண்டுபோய்ப் போட்டார். பருத்தி எரிகிற வாடை வீட்டுக்குள் வந்தது. "அம்புட்டும் இறங்கல போலருக்கு. உடம்புக்குள்ள ஊறியிருக்கும்" என்று அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் உடைந்திருந்தது. சித்தி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நான் போட்ட சாயம்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். யாராவது ஒருவர், இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் அப்படி ஒரு எண்ணம் இல்லை. எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள், அவள் மேல் பாசம் வைத்தவர்கள் உட்பட.

பிறகு அவள் பிள்ளை வேண்டாம் என்றுவிட்டாள். சித்தப்பா வற்புறுத்தவில்லை. முகத்துக்கு மஞ்சள் பூசுவதையும் விட்டாள், கட்டுக்கழுத்தி இப்படி இருக்கலாமா என்று அதற்கும் ஏச்சு வாங்கினாள். போர்வையை மட்டும் விடவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தவரை சுவரில் ஒட்டினாள், இல்லாதபோது வாளியில் பிடித்து வந்து ஒட்டினாள். பட்டறையில் மஞ்சள் ஓடுகிற நாளில் அந்தப் பதத்துண்டுகளை நுனிவிரலால் பொறுக்கித் தனியே வைத்துவிடுவாள். அவள் போர்வையைத் தேடி வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்து, சென்னையில் பெரிய கூடத்தில் தொங்கவிட்டு, விளக்குப் போட்டுக் காட்டினார்களே, நானும்தான் கூடப் போனேன். ஓவியக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஒலிபெருக்கியில், மஞ்சளைத் தவிர்ப்பது இந்த அம்மாவின் அழகியல் கொள்கை என்று நீளமாகப் பேசினார். கொள்கையாம்! சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னம்மா, சரிதானே?" என்று அவர் மைக்கை நீட்டினார். "எனக்கு மஞ்சள் வராதுங்க" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அம்மாவும் சித்தப்பாவும் போன பிறகு, அப்பாவையும் சித்தியையும் அவனியாபுரத்துக்கு என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். அதற்கு முன்பே என் மகள் உண்டாகியிருந்தபோது ஒரு டாக்டரம்மா சொன்னது என் காதில் விழுந்து கிடந்தது. மகளுக்கு ரத்தம் நெகட்டிவ் வகை, மாப்பிள்ளைக்கு அப்படியில்லை. ஓர் ஊசி போட வேண்டும் என்றார்கள். போடாவிட்டால் அடுத்து உண்டாகிற பிள்ளையை அம்மாவின் ரத்தமே எதிரியாக நினைத்து அழிக்குமாம், பிறந்த மறுநாளே மஞ்சள் ஏறுமாம், மூளைக்கு ஏறிவிட்டால் பால் குடிக்காதாம், வில்லாக வளையுமாம். அப்போதே அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தான். ஆனால் உலகத்தில் எத்தனையோ நோய், நமக்கென்ன தெரியும் என்று அமுக்கிவிட்டேன்.

சித்தி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை என்றபோது, நர்ஸ் வந்து, "பாட்டிக்கு நெகட்டிவ் ரத்தம், கெடைக்கிறது கஷ்டம், சொந்தத்துல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னது மொத்தமும் திரும்ப வந்தது. அன்றைக்கே ஒரு குழந்தைகள் டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். வெயில் பட்டால் தோல் வெளுக்குமா? வெளுக்கும், என்றார். லேசான மஞ்சளென்றால் வெயிலே போதும், இந்த மாதிரி என்றால் மேலே வெளுக்கும், உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், ரத்தத்தை மாற்றினால்தான் பிழைக்கும். எங்கள் காலத்தில் அதெல்லாம் இருந்ததா? பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தது, என்றார்.

சித்தி வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுக்கிற அளவுக்குத் தேறின பிறகு சொன்னேன். அது ஒரு சாயங்காலம். அப்பா முன்னறையில் பேப்பரைக் கண்ணுக்கருகில் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது பாதிதான் கேட்கும். சொல்லலாமா வேண்டாமா என்று நாள்கணக்கில் குழம்பியிருந்தேன். எண்பதை நெருங்குகிறவள், சாவதற்கு முன் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் சொன்னேன்.

"சித்தி, அது சாயம் இல்ல."

எது என்று அவள் கேட்கவில்லை. ஊசி நின்றது. நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன், ரத்தம், ஊசி, மஞ்சள் எங்கிருந்து வந்தது, இரண்டாவது பிள்ளையும் அதனால்தான் போயிருக்கும் என்பது. "உன் மஞ்சள் ஒண்ணும் செய்யல சித்தி. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு, "அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"பொழச்சிருப்பான்" என்று அவளே சொன்னாள். "நடந்து போற தூரம்தான." பிறகு முன்னறைப் பக்கம் திரும்பி அப்பாவின் முதுகைப் பார்த்தாள். "உங்கப்பாதானடி மடியில வச்சு வெயில் காட்டுனாரு. கண்ணு கூசாம கையைப் பிடிச்சுக்கிட்டு."

"ஆமா சித்தி."

"அவருக்குச் சொல்லிறாத."

"நீ இத்தன வருஷம்..."

"நான் சுமந்து பழகிட்டேன். அவரு இந்த வயசுல எங்கிட்டுப் போய் வச்சுச் சுமப்பாரு? சாயமாவே இருக்கட்டும்டி."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தச் சத்தம் எப்படியோ கேட்டுவிட்டது போல. அப்பா பேப்பரை இறக்கி, "அங்க என்ன ரெண்டு பேரும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்று சித்தி சத்தமாகச் சொன்னாள். "சாயத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

அப்பா தலையை ஆட்டினார். பேப்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டே, "சாயத்தோட விளையாடக் கூடாதும்மா. அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

"சொன்னீக மாமா" என்றாள் சித்தி. "நாந்தான் கேக்கல."